நாலரையும் நாலே முக்காலும்

அத்தியாயம் 6

இருபத்தைந்து வருஷம் ஹாங்கோ துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து, வருகிற லாரி போகிற லாரியையெல்லாம் நிறுத்திப் பிரித்துப் பார்த்த பெண்மணியை லாரிக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டா ஆடுவார்கள்? வெள்ளிக்கிழமை காலை சைமியின் காரை எடுக்கத் தாவெட்டி போனபோது, முன் கண்ணாடி முழுக்க யாரோ கறுப்புக் கிரீஸை அப்பிவிட்டுப் போயிருந்தார்கள். வெறுங்கையால் அப்பிய வேலை. ஐந்து விரலும் அழகாகப் பதிந்திருந்தது.

"கைரேகையோட குடுத்திருக்காங்க பாஸ். இவ்வளவு நேர்மையான எதிரிங்களை நான் பார்த்ததே இல்லை."

"துடைச்சிட்டு வண்டியை எடு" என்றாள் சைமி.

சைமிக்கு ஐம்பத்தெட்டு வயது. சுங்க வேலையை விட்டு, சொந்தமாகத் துப்பறியும் தொழில் ஆரம்பித்து நாலு வருஷம். தாவெட்டி அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசி விற்றுக்கொண்டிருந்தவன். வாய் அதிகம் என்று அங்கிருந்து துரத்தினார்கள். அந்த வாய் இங்கே சம்பளத்தில் சேர்த்தி.

பின் சீட்டில் கட்சிக்காரி டூலிக்கி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறவள். முந்தின நாளிலிருந்து ஓட்ட முடியாதவள். லைசன்ஸ் போலீஸ் கையில், லாரி போலீஸ் காவலில். திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு அரசு வக்கீல் முன்னால் நிற்க வேண்டும். அங்கே தப்பு இவள் மேல்தான் என்று முடிவானால் லைசன்ஸ் போனது போனதுதான். அத்தோடு சிறைவாசமும் உண்டு.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை காலை கப்பலிலிருந்து ஒரு மில்லிங் மிஷின் இறங்கியது. பழைய ரோட்டின் தாரைச் சுரண்டி எடுக்கும் ராட்சச இயந்திரம். டூலிக்கி அதைத் தன் தரையொட்டிய லோ-பெட் டிரெய்லரில் ஏற்றிக் கிளம்பினாள். முன்னால், பெரிய சுமைக்கு வழிபார்த்துப் போகிற பைலட் கார் ஒன்று, ராக்னார் என்பவனுடையது. பின்னால் ஒரு பைலட் கார், இல்மாரி என்பவனுடையது. சுமையின் உயரம் தரையிலிருந்து நாலரை மீட்டர். வழியில் குறுக்கே இருந்த ஒரே பாலத்தின் அடி உயரம் நாலே முக்கால் மீட்டர். கால் மீட்டர் இடைவெளியில் பூப்போலப் போயிருக்க வேண்டியது பாலத்தில் போய் முட்டியது. மிஷினின் கூரை பிய்ந்து பின்னால் வந்த இல்மாரியின் காருக்கு மேலேயே விழுந்தது. அவன் இன்னும் கண் திறக்கவில்லை.

இல்மாரி வேறு யாருமில்லை. டூலிக்கியின் தங்கை ஹெல்காவின் புருஷன்.

* * *

போலீஸ் மைதானத்தில் காவலுக்கு இருந்த இளம் அதிகாரி அவர்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். அஞ்சு நிமிஷம், எதையும் தொடக் கூடாது, அந்த லாரிக்காரி காரைவிட்டு இறங்கவே கூடாது என்று மூன்று கட்டளை போட்டான். நாலாவது கட்டளையை யோசிப்பதற்குள் சைமி மிஷினின் ஏணியில் பாதி ஏறிவிட்டாள்.

மில்லிங் மிஷினின் உச்சியில், ஓட்டுகிறவன் நிற்க ஒரு மேடை உண்டு. அதற்கு மேல் கூரை. வேலை நடக்கும்போது கூரையைக் கைப்பம்பு அடித்து உயர்த்திக்கொள்வார்கள். லாரியில் போகும்போது முழுக்க இறக்கிவிடுவார்கள். அப்போது அது மேடையை, பானைக்கு மூடி போட்ட மாதிரி மூடிக்கொள்ளும். நாலரை மீட்டர் என்பது மூடி போட்ட கணக்கு.

சைமி மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். தாவெட்டி கீழே நின்று அதிகாரியிடம் அவனுடைய பூட்ஸ் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன இருக்கு பாஸ்?"

"எல்லாம் இருக்கு. பக்கக் கண்ணாடி தூள்தூளா இருக்கு. விளக்கு உடைஞ்சு கிடக்கு. ஆஷ்ட்ரே கூட ரெண்டு துண்டா இருக்கு."

"அப்புறம் என்ன?"

சைமி இறங்கி வந்து, கார் வரைக்கும் நடந்தபிறகுதான் வாயைத் திறந்தாள். ரோட்டை எவ்வளவு ஆழம் சுரண்ட வேண்டும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் திரைகள் இரண்டு அந்த மேடையில் இருந்திருக்க வேண்டும். புது மிஷினில் அதுதான் உயிர். ஒரு நல்ல கார் வாங்குகிற விலை. திரைகள் இடித்ததில் நொறுங்கிவிட்டன என்று போலீஸ் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது.

"நொறுங்கின பொருள் சில்லை விட்டுட்டுத்தான் போகும். அங்க பக்கக் கண்ணாடியோட சில்லு இருக்கு, விளக்கோட சில்லு இருக்கு. திரையோட சில்லு ஒண்ணுகூட இல்ல."

தாவெட்டி விசிலடித்தான். "அப்போ பாலத்துல மோதுறதுக்கு முன்னாடியே எவனோ தூக்கிட்டான்."

"கூரை மூடியிருந்தா உள்ள கை நுழையாது. தூக்கணும்னா கூரையை உயர்த்தணும். உயர்த்தினவன் திரும்ப இறக்கப் பார்த்திருப்பான். புது மிஷின், வால்வு இறுகிக்கிடந்திருக்கும். பாதியில நின்னிருக்கும்."

"திருடனுக்குத் திறக்கத் தெரிஞ்சிருக்கு, சாத்தத் தெரியல. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதை."

பாதி உயர்ந்த கூரையோடு சுமை ஐந்து மீட்டருக்கு வந்திருக்கும். நாலே முக்கால் மீட்டர் பாலம் அதை எப்படி விடும்? துறைமுக வாசலில் டூலிக்கி காவலாளி முன்னாலேயே அளந்து காட்டியிருக்கிறாள், அப்போது நாலரைதான். அதற்கப்புறம் வண்டி நின்றது ஒரே இடத்தில். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நின்றே ஆக வேண்டும் என்பது சட்டம். துறைமுகத்திலேயே ஏற்றி இறக்கி வரிசையில் ஊர்ந்து பாதி நேரம் போய்விட்டதால், லெம்பியின் சாப்பாட்டுக் கடையின் பின்பக்க மைதானத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். டூலிக்கி கேபினில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். இல்மாரி கடை வாசலில் நின்று ஹெல்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

"போலீஸ் என்ன சொல்லும் தெரியுமா?" என்றான் தாவெட்டி. "மேடம் தூங்கல, மேடமே மேல ஏறித் திருடினாங்கன்னு சொல்லும்."

சைமி பின் சீட்டுக் கதவைத் திறந்து டூலிக்கிக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள்.

* * *

"உன் வாக்குமூலத்துல ஒரு வரி எனக்குப் பிடிக்கல" என்றாள் சைமி. "பாலத்துக்கு முன்னாடி ரேடியோவுல யாரும் எதுவும் பேசலைன்னு சொல்லியிருக்க. பைலட் காரன் பாலத்தை நெருங்கும்போது பேசாம இருப்பானா? வாயை மூடினா சம்பளம் கிடையாதே அவனுக்கு."

டூலிக்கி ஜன்னலையே பார்த்தாள். தாவெட்டி கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் என்று நினைத்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பயம் என்று புரிந்தது.

பிறகு அவள் சொன்னாள். பாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ராக்னார் ரேடியோவில் வந்தானாம். வலது பக்கம் பிரிந்து மேலே ஏறி, குறுக்கு ரோட்டைத் தாண்டி, மறுபக்கம் இறங்குகிற ராம்ப் ஒன்று அங்கே உண்டு. அதில் ஏறு என்றானாம். பாலத்துக்கு அடியில் போக முடியாத உயரமான சுமைகள் அப்படித்தான் போகும். ஆனால் இவளுடைய பெர்மிட்டில் பாலத்துக்கு அடியில் என்று போட்டிருக்கிறது. பெர்மிட்டில் இல்லாத வழியில் திருப்பினால் தண்டனை இவளுக்கு. முடியாது என்றாளாம். அவன் மறுபடியும் சொன்னானாம். இவள் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி, முன்னால் போகிற வேலையைப் பார் என்றாளாம்.

"இதை வெளிய சொன்னா நான் தெரிஞ்சே மோதினவ ஆயிடுவேன்" என்றாள் டூலிக்கி. "வக்கீலை விடுங்க. ஹெல்காவுக்குத் தெரிஞ்சா? ஒருத்தன் ரெண்டு தடவை சொல்லியும் கேக்காம அவ புருஷன் தலையில கூரையைப் போட்டவ நான்."

"அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு."

"'டூலிக்கி, ராம்ப்ல ஏறு, அடியில வேணாம்.' அவ்வளவுதான்."

"நிச்சயமா?"

"காதுலயே ஒட்டிக்கிட்டிருக்கு."

சைமி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு ஏதோ கிடைத்துவிட்டது என்று தாவெட்டிக்குத் தெரிந்தது. என்ன கிடைத்தது என்றுதான் தெரியவில்லை. ரேடியோவில் போன பேச்சு காற்றோடு போச்சு, பதிவு கிடையாது. கேட்ட மூன்றாவது ஆள் ஆஸ்பத்திரியில். ராக்னார் இல்லை என்றால் இல்லைதான்.

டூலிக்கி சைமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் சைமியின் மோதிரம் அழுந்தியது.

"உங்க வாயால இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"என் வாயால சொல்ல மாட்டேன்" என்றாள் சைமி. "தாவெட்டி, பசிக்குதா?"

"பிறந்ததுலேருந்தே பாஸ்."

* * *

லெம்பியின் கடையில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு லாரிக்காரர்களும் பைலட்காரர்களும் ஒரு நீள மேஜையில் உட்கார்ந்து, யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் சாப்பிடுவார்கள். சைமி டூலிக்கியைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, தாவெட்டியை முன்னால் அனுப்பினாள். வாசல் பலகையில் முந்தின நாள் எழுதிய சாக்பீஸ் எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது: வியாழன், பட்டாணி சூப், பான்கேக். எழுதாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். அந்த நாட்டில் வியாழக்கிழமை பட்டாணி சூப் போடாத சாப்பாட்டுக் கடை, மணி அடிக்காத சர்ச் மாதிரி.

தாவெட்டி கவுன்டருக்குப் போய், நேற்றைய சூப் மிச்சம் இருந்தால் ஒரு தட்டு கொடுங்கள், மறுநாள் சூப்புக்குத்தான் ருசி அதிகம் என்று பல்லைக் காட்டினான். லெம்பி சமையல்காரி மட்டுமல்ல, கடைக்கே சொந்தக்காரி. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சூப் இல்ல."

"அடியில ஒட்டினது இருந்தாலும் பரவாயில்ல."

லெம்பியின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. வெளியே போடா என்று சொல்லாத குறை. அவளுக்குப் பின்னால் திறந்திருந்த சமையலறைக் கதவு வழியாகத் தாவெட்டி பார்த்தான். குளிப்பாட்டும் தொட்டி அளவுக்கு ஒரு பெரிய பாத்திரம் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அதன் அடிப்பாகம் கரிக்கட்டை. தாவெட்டி எதுவும் சொல்லாமல் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு சைமியிடம் திரும்பினான்.

"பாஸ், வரலாறு காணாத செய்தி. நேத்து லெம்பி சூப்பை அடிபிடிக்க விட்டிருக்கா. வெக்கத்துல பலகையைக்கூட அழிக்கல."

சைமி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ ஒரு நாள் உருப்பட்டாலும் உருப்படுவ" என்றாள். பிறகு நேராக மேஜையின் தலைப்பக்கம் போனாள்.

அங்கே ராக்னார் உட்கார்ந்திருந்தான். பைலட்காரர்கள் சங்கத்துக்குத் தலைவன். இருபத்திரண்டு வருஷத்தில் இவன் முன்னால் போன எந்தச் சுமையிலும் கீறல் விழுந்ததில்லை என்பது துறைமுகம் முழுக்கத் தெரிந்த பெருமை. பக்கத்தில் ஹெல்கா. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைக் கூட்டி வந்து சாப்பிட வைத்துக்கொண்டிருந்தான். ரொட்டிக்கு வெண்ணெய் கூட அவனே தடவிக் கொடுத்தான். ஹெல்கா அதைத் தொடவில்லை.

ஓட்சோ என்கிற இன்னொரு பைலட்காரன், கதவளவு அகலமான ஆள், எழுந்து வழியை மறித்தான். "இங்க சுங்கத்துக்கு இடமில்ல" என்றான்.

"சுங்கத்தை விட்டு நாலு வருஷம் ஆச்சு."

"எங்களுக்கு ஆகல."

மேஜையில் இரண்டு பேர் சிரித்தார்கள். தாவெட்டி தன் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அடி விழுந்தால் முதலில் உருளைக்கிழங்கைக் காப்பாற்றுவது என்று முடிவு. ஆனால் ராக்னார் கையை உயர்த்தினான். மேடம் கேட்கட்டும், நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது என்றான். குரல் வெண்ணெயாக இருந்தது.

சைமி உட்காரவில்லை. நேற்று முக்கால் மணி நேரம் வண்டி நின்றதே, அப்போது எங்கே இருந்தாய் என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை மத்தியானம் மனுஷன் எங்க இருப்பான்? இங்கதான். ஓரமா உக்காந்து சூப் சாப்பிட்டேன். ரெண்டு தட்டு."

ஓட்சோவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. மேஜையின் கோடியில் ஒருவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். ராக்னார் கவனிக்கவில்லை. சைமியும் கவனிக்காத மாதிரி அடுத்ததற்குப் போனாள்.

அடுத்தது கேள்வி இல்லை, ஏச்சு. தாவெட்டி நாலு வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷப் பெருமை என்கிறார்களே, அது வெறும் அதிர்ஷ்டம் என்றாள். கார் மூக்கில் உயரம் பார்க்கிற ஒரு கம்பியை நட்டுக்கொண்டு போனால் பைலட் ஆகிவிட முடியுமா என்றாள். பின்னால் வருகிற சுமை பாலத்தில் முட்டப் போகிறது என்று மோப்பம் பிடிக்கத் தெரியாதவன் சங்கத்துக்குத் தலைவனாம் என்று சிரித்தாள். ராக்னாரின் வெண்ணெய்க் கத்தி மேஜையில் தாளம் போட ஆரம்பித்தது.

"ஒரு வார்த்தை சொல்லத் தெரியல உனக்கு. வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு முன்னாடி போயிருக்க. இல்மாரி உன்னை நம்பி வந்தவன். ஒரே ஒரு வார்த்தை."

"யார் சொல்லல?" ராக்னார் எழுந்துவிட்டான். "ஒரு கிலோமீட்டர் முன்னாடியே சொன்னேன். ராம்ப்ல ஏறு, அடியில வேணாம்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். அவதான் கேக்கல. என்னைக் கெட்ட வார்த்தையில திட்டினா. என் வேலையை நான் செஞ்சேன்."

ஹெல்காவின் பார்வை ராக்னாரைத் தாண்டி வாசலுக்குப் போனது. காரில் இருக்கச் சொன்ன டூலிக்கி அங்கே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"சொன்னானா?" என்று கேட்டாள் ஹெல்கா.

"சொன்னான்."

"ரெண்டு தடவையா?"

"ஆமா."

மேஜை முழுக்க முணுமுணுப்பு. ஓட்சோ தரையில் துப்பாத குறையாக டூலிக்கியைப் பார்த்தான். ராக்னார் ஹெல்காவின் தோளில் கை வைத்தான். இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், உங்கள் குடும்ப விஷயம் என்றான். கட்சிக்காரியைக் காப்பாற்ற வந்து, கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டுவிட்டாளே இந்த அம்மா என்று தாவெட்டி சைமியைப் பார்த்தான்.

சைமி நிதானமாக ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"சுமை எவ்வளவு உயரம் ராக்னார்?"

"நாலரை."

"யார் சொன்னா?"

"துறைமுகத்துல அளந்தோம். நானும் பார்த்தேன்."

"பாலம்?"

"நாலே முக்..." என்றவன் நிறுத்தினான்.

"நாலே முக்கால்" என்று முடித்தாள் சைமி. "நாலரை மீட்டர் சுமை நாலே முக்கால் மீட்டர் பாலத்துக்கு அடியில தாராளமா போகும். பெர்மிட் போகச் சொல்லுது. அளந்த கம்பி போகச் சொல்லுது. உலகத்துல எல்லாரும் நாலரைன்னு நம்பிக்கிட்டிருக்கும்போது, உனக்கு மட்டும் ராம்ப் எதுக்குத் தேவைப்பட்டுச்சு?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைக்கு மட்டும் கெட்டது புரிய மூன்று வினாடி ஆனது. கண்ணாடியில் பார்த்தேன், கூரை தூக்கியிருந்த மாதிரி தெரிந்தது, அப்போதுதான் பார்த்தேன் என்று அடுக்கினான்.

பதில் சொன்னது சைமி இல்லை. ஓட்சோ.

"பார்த்தா 'நில்லு'ன்னுதானே சொல்லணும்?"

பைலட்காரர்களுக்கு வேதம் ஒன்றே ஒன்று. முன்னால் போகிறவன் ரேடியோவில் "நில்லு" என்றால் லாரிக்காரன் நிறுத்தியாக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. சொன்னவன் பரம எதிரியாக இருந்தாலும் சரி, பெர்மிட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. முதல் நாள் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

"நில்லுன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பேன்" என்றாள் டூலிக்கி வாசலிலிருந்து. அவளுக்கே அப்போதுதான் அது உறைத்தது போல இருந்தது.

"நிறுத்தினா யாராவது மேல ஏறிப் பார்ப்பாங்க" என்றாள் சைமி. "கூரை ஏன் தூக்கியிருக்குன்னு பார்ப்பாங்க. ரெண்டு திரை எங்கன்னு கேப்பாங்க. ராம்ப்ல ஏறிப் போயிட்டா யாரும் பார்க்க மாட்டாங்க, அடுத்த தடவை நிக்கும்போது கூரையை இறக்கிடலாம். அவ கேக்கல. அதுக்கப்புறமும் பாலத்துக்குத் தூரம் இருந்துச்சு. உன் கையில மைக் இருந்துச்சு."

"அபாண்டம்" என்றான் ராக்னார். "நான் மிஷின் பக்கமே போகல. முக்கால் மணி நேரமும் இங்க உக்காந்து சூப்..."

"சூப்பே இல்லய்யா."

லெம்பி கவுன்டருக்குப் பின்னாலிருந்து வந்து நின்றாள். முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நேற்று சூப் அடிபிடித்துவிட்டது, பின்பக்கம் கொட்டினேன், எல்லாருக்கும் தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும்தான் போட்டேன் என்றாள். இந்த அவமானத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சாப்பிட்டவர்கள் அத்தனை பேரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

"நான்கூட தொத்திறைச்சிதான் சாப்பிட்டேன்" என்றான் ஓட்சோ. "நீ இங்க இல்ல ராக்னார். எனக்கு அப்பவே தோணுச்சு, நீ எங்கன்னு."

ராக்னார் உட்கார்ந்தான். இருபத்திரண்டு வருஷமாக அவன் உட்காரும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கி உட்காருவார்கள். இப்போது பெஞ்சில் அவன் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டோடு எழுந்து அடுத்த மேஜைக்குப் போனார்கள். ஒருவன்கூட அவனைத் திட்டவில்லை. ஓட்சோ மட்டும் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப்போட்டு, கதவை அடைத்து உட்கார்ந்துகொண்டான். தாவெட்டி போலீசுக்குப் போன் போட்டான். காலையில் பார்த்த அதே இளம் அதிகாரிதான் எடுத்தான். திரைகள் இரண்டும் அன்று சாயங்காலமே ராக்னாரின் கராஜில் கிடைத்தன. டூலிக்கியின் லைசன்ஸ் திங்கள்கிழமை கைக்கு வந்துவிடும் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

ஆனால் கடையில் அந்த நேரம் டூலிக்கி சந்தோஷப்படுகிறவள் மாதிரி நிற்கவில்லை. ஹெல்கா எழுந்து அவளுக்கு எதிரில் வந்து நின்றிருந்தாள். அக்காவின் தோளுக்குக்கூட எட்டாத உருவம்.

"அவன் திருடன். சரி" என்றாள் ஹெல்கா. "ஆனா ராம்ப்ல ஏறுன்னு சொன்னான். ஏறியிருந்தா இல்மாரி இன்னைக்கு வீட்டுல இருப்பாரு. ஏன் ஏறல?"

"பெர்மிட்ல..."

"பெர்மிட் கதை எனக்கு வேணாம். போன வருஷம் பனியில மூணு தடவை வழி மாத்தி ஓட்டினே. இல்மாரி சொன்னாரு, மாத்தினே. இப்போ ஏன் மாத்தல?"

சட்டமும் போலீசும் கேட்காத கேள்வி அது. சைமி குறுக்கே போகவில்லை. போக முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சொன்னது அவன்" என்றாள் டூலிக்கி கடைசியில். "பத்து வருஷமா என்னை நக்கலடிச்சவன். அவன் பேச்சைக் கேட்டு ஒரு தடவைகூட திரும்பக் கூடாதுன்னு வச்சிருந்தேன். அவ்வளவுதான் ஹெல்கா. வேற ஒண்ணுமில்ல."

ஹெல்கா அழவில்லை. கோட்டை எடுத்து மாட்டி, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். ஓட்சோ நாற்காலியை நகர்த்தி வழிவிட்டான்.

"ஆஸ்பத்திரிக்கு வா" என்றாள். "அவர் கண்ணைத் திறக்கும்போது எதிர்ல நீ நிக்கணும். இப்போ எங்கிட்ட சொன்னதை அப்படியே அவர்கிட்ட சொல்லு. அவர் என்ன சொல்றாரோ அதுக்கப்புறம்தான் நான் உங்கிட்ட பேசுவேன்."

டூலிக்கி தலையசைத்துவிட்டு அவள் பின்னால் போனாள். அக்காளும் தங்கையும் காரின் பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். சைமி முன்னால் ஏறிக்கொண்டாள். தாவெட்டி வண்டியைக் கிளப்பி, ஆஸ்பத்திரி வரைக்கும் நாற்பது கிலோமீட்டர், ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினான்.